எகிப்தில் ஒரு நாளைக்கு மூன்று முழுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அப்பாவின் திவசம். ஐயர் வந்தார். சால்வையை இழுத்துக் கட்டிக்கொண்டு படையல் இலையைப் பார்வையிட்டவர், அப்படியே நின்றுவிட்டார்.

சோறு இருக்கிறது. பருப்பு இருக்கிறது. வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கறி, பாயாசம் எல்லாம் இருக்கின்றன. இலையின் நடுவில், வட்டமாய், ஓட்டையோடு ஒரு பேகல், இந்த ஊர் வளைய ரொட்டி.

வடை என்று நினைத்திருப்பாரோ? இல்லை. மொன்ட்ரியாலில் இத்தனை வருடம் பூசை செய்கிற மனிதருக்கு வடை எது, பேகல் எது என்று தெரியாதா? அதுவும் இரண்டாகப் பிளந்து, உள்ளே இடிச்ச தேங்காய்ச் சம்பல் வைத்த பேகல்...

வைத்தது என் மகள் மாதுமை. பன்னிரண்டு வயது. ஐயரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எடுக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணாலேயே அவரைக் கும்பிட்டேன். அவர் குனிந்து இன்னொரு தடவை பார்த்தார்.

"எள்ளுப் போட்டதுதானே... இருக்கட்டும்" என்றுவிட்டு மந்திரத்தைத் தொடங்கினார்.

மனிதர் நூறு வருடம் நன்றாக இருக்கவேண்டும்.

அது சரி, பேகல் எப்படித் திவச இலைக்கு வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? அதைச் சொல்வதென்றால் எகிப்துக்குப் போகவேண்டும். நாங்கள் போனோம். மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் நான், இவர், மாதுமை. மூன்று பேருக்கு நாலு பெட்டி. நாலாவது பெட்டியில் ரைஸ் குக்கரும் பருப்பும் என்பதைச் சொல்லவா வேண்டும்?

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு மாதுமையின் எகிப்துப் பைத்தியம் புதிதல்ல. ஒன்பது வயதில் தொடங்கியது. லைப்ரரியில் மம்மிப் புத்தகம் ஒன்று விடாமல் எடுத்தாள். பொம்மைகளுக்கு டொய்லெட் பேப்பர் சுற்றி, சப்பாத்துப் பெட்டியில் கிடத்தி, கட்டிலுக்குக் கீழே வரிசையாக அடக்கம் செய்தாள். ஒரு பெட்டிக்குள் அரைத்துண்டு பேகலும் வைத்திருந்தாள். அது பூஞ்சணம் பிடித்து நாறின பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அன்றைக்கு அவளுக்கு நல்ல ஏச்சு.

பிறகு அதையே நகைச்சுவையாக இங்கே எழுதி உங்களிடம் பாராட்டும் வாங்கிக்கொண்டேன். பிள்ளைக்குச் சரித்திரத்தில் எவ்வளவு ஆர்வம் பாருங்கள் என்று போகிற இடமெல்லாம் பெருமை பேசினேன். எந்தத் தாய்தான் பேசமாட்டாள்?

பயணத்துக்குப் பதிந்ததும் மாதுமைதான். ஒன்லைனில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு அப்பாவிடம் காட்டினாள், அவர் தலையாட்டினார். விமானம் ஏறிய பிறகுதான் எங்களுக்கு விளங்கியது, சுற்றுலா முழுக்கப் பிரெஞ்சு மொழியில் என்று. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படிக்கிற பிள்ளைக்கு அது ஒரு விஷயமே இல்லை. எங்களுக்கு? பிரெஞ்சு பேசுகிற கெபெக்கில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியும் என் பிரெஞ்சு பால் வாங்கவும் பஸ்காரருக்கு நன்றி சொல்லவும்தான் காணும். இவருடையது இன்னும் சிக்கனம். பொன்ஜூர் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார்.

எங்கள் வழிகாட்டி ஹனான் என்கிற எகிப்தியப் பெண்மணி. மஞ்சள் குடை, கணீரென்ற குரல். ஒரு சிலைக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசுவார். பேசி முடிய நாங்கள் இருவரும் மகளின் வாயைப் பார்ப்போம்.

"இவர் ராசா. செத்துட்டார்" என்பாள் மாதுமை.

அடுத்த சிலை. இன்னொரு ஐந்து நிமிடம். இவரும் ராசா. இவரும் செத்துட்டார்... இரண்டு நாள் இதே மொழிபெயர்ப்புத்தான்.

இனி என் பங்குக் கூத்துக்கு வருகிறேன். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் வீட்டில் எதையும் தொடாமல் நேரே போய்த் தலையோடு முழுகவேண்டும். ஒரு வாய் தண்ணீர்கூட அதற்குப் பிறகுதான். யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்கு இது யாரும் சொல்லித் தந்து வந்ததில்லை. வேறு பழக்கங்களில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் கிடையாது. வெள்ளிக்கிழமை என்பதை மறந்து மீன் ரோல்ஸ் கடித்தவள் நான். முழுக்கில் மட்டும் விட்டுக்கொடுத்ததே இல்லை.

பிரமிட் என்றால் என்ன? கல்லறை. அப்படியென்றால்?

முதல் நாள் காலையில் பெரிய பிரமிடுக்குள் ஏறினோம். குனிந்து, தவழ்ந்து, மூச்சு வாங்கி, இவர் தலையை இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டு, மேலே போய்ப் பார்த்தால் வெறும் கல்லுப்பெட்டி ஒன்று. உள்ளே யாருமில்லை. எனக்குப் பெரிய நிம்மதி. இருந்தாலும் ஒரு காலத்தில் பொடி, அதுதான் செத்த உடல், கிடந்த இடந்தானே என்று மத்தியானம் ஹோட்டலுக்கு வந்ததும் எல்லோரையும் குளியலறைக்குத் துரத்தினேன். பின்னேரம் இன்னொரு பிரமிட். இன்னொரு முழுக்கு. இருளமுன் ஒரு மியூசியம்; அங்கே வரிசையாகச் சவப்பெட்டிகள். மூன்றாவது முழுக்கு.

இவருக்கு என்ன, தலையில் பத்து முடி; துடைத்துவிட்டுப் போய்விடுவார். எனக்கும் மாதுமைக்கும் இடுப்புவரை கூந்தல். மூன்றாம் தடவை ஈரத்தலையோடு வெளியே வந்த மகள் துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, செத்தவீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள்தானே? அவை செத்து நாலாயிரம் வருசம்."

பதில் சொல்ல முடியாத கேள்வி. முடியாத கேள்விகளுக்குத் தாய்மார் என்ன செய்வோம்? தலையைத் துடை, தடிமன் பிடிக்கப்போகுது என்றேன்.

அடுத்த நாள் வேறொரு மியூசியம். அங்கே ஒரு மண்டபம் நிறைய உண்மையான மம்மிகள். மாதுமை வாசலுக்கே ஓடிவிட்டாள். நான் விடவில்லை. பொடிகளைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, நீ சின்னப்பிள்ளை, பயந்துபோவாய் என்றேன். பெரிய சண்டை வரப்போகிறது என்று தயாராக நின்றேன். வரவில்லை. வெளியே வாங்குப் பலகையில் போய் இருந்து, ஹூடியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு லக்சர். அங்கே இவர் தன் பங்கைச் செய்தார். மாபெரும் கோயில் ஒன்று, தூண் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டை விடப் பெரிது. வாசலில் ஹனான் அதைக் கோயில் என்று சொன்னதுதான் தாமதம், இவர் சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றிக் கையில் எடுத்துவிட்டார். இங்கே கழற்றத் தேவையில்லை என்று ஹனான் சொல்லி, அதை மாதுமை தமிழில் சொல்லியும் கேட்கவில்லை.

"கோயில் எண்டால் கோயில்தான்" என்றார்.

எங்கள் குழுவில் எங்களைப் போலக் கெபெக்கிலிருந்தே வந்த இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருந்தார்கள். இவரைப் பார்த்துவிட்டு, இதுதான் மரியாதை போலிருக்கிறது என்று அவர்களும் கழற்றினார்கள். வெயிலில் கொதித்த கல்லில் மூன்று பேரும் துள்ளித் துள்ளி நடந்தார்கள். அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது. யாருக்கும் அனுப்பமாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பதால் அனுப்பவில்லை... இதுவரை.

கடைசி நாள்தான் ராசாக்களின் பள்ளத்தாக்கு. ஒரு மரம் மட்டை இல்லாத மொட்டை மலை. அதற்குள் பாறையைக் குடைந்து குடைந்து கல்லறைகள்.

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டு வாசல் படலைவரை போய்க் குழறி அழுதுவிட்டுத் திரும்பிவிடவேண்டும். மொன்ட்ரியாலில் அதெல்லாம் மாறிவிட்டது. எரிக்கிற இடம்வரை எல்லோரும் காரில்தான் போகிறோம். ஆனாலும் அந்த வெயிலில் மலையைப் பார்த்துக்கொண்டு நின்ற நான் இரண்டடி பின்னுக்கு வந்தேன். மலை முழுக்கச் சுடலை அல்லவா?

டிக்கெட்டுக்கு மூன்று கல்லறை பார்க்கலாம். பார்த்தோம். சுவர் முழுக்க ஓவியம். நேற்றுப் பூசினது போல நிறம். செத்தவருக்குப் பாண் கொண்டு போகிறார்கள், பழம் கொண்டு போகிறார்கள், வாத்தைக் காலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எங்கள் வீட்டில் செத்தவருக்கு எட்டாம் நாள் வைக்கிற படையல்தான் என்று நான் இவரிடம் சொல்லிச் சிரித்தேன். மாதுமை சிரிக்கவில்லை. ஒவ்வொரு தட்டாக நின்று பார்த்தாள்.

வெளியே வந்ததும் ஹனான் இன்னொன்று சொன்னார். மாதுமை எங்கள் பக்கம் திரும்பினாள். அந்தப் பயணத்தில் முதல் தடவையாக ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னாள். சின்ன வயதில் செத்த ஒரு ராசா இருக்கிறார். அவருடைய உடல் மட்டும் இன்னும் அவருடைய கல்லறையிலேயே இருக்கிறது. அதற்கு வேறு டிக்கெட். பேரைச் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

"நான் போகோணும்" என்றாள்.

வேண்டாம் என்றேன். பொடி பார்ப்பது விளையாட்டில்லை என்றேன். பயந்துபோவாய் என்றேன்.

"அண்டைக்கும் இதைத்தான் சொன்னனீங்கள்."

என்றைக்கு என்று கேட்டேன்.

"அம்மப்பா செத்த அண்டைக்கு."



இதை உங்களுக்கு நான் இதுவரை எழுதியதில்லை. என் அப்பா எங்களோடு ரொக்ஸ்பரோ வீட்டில்தான் இருந்தார், கீழ் அறையில். காலையில் ஒரு எள்ளுப் பேகலை இரண்டாகப் பிளந்து, இடிச்ச சம்பல் வைத்து, பாதி தனக்கும் பாதி பேத்திக்குமாகச் சாப்பிடுவார். பள்ளி பஸ் வரும்வரை இருவருக்கும் அதுதான் வேலை. மூன்று வருடத்துக்கு முன், பனி இன்னும் கரையாத ஒரு ஏப்ரலில், ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அன்றைக்கே மாதுமையை நகரின் மறுபக்கம், நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கிற என் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பினேன். சின்னப்பிள்ளை, பயந்துவிடும். எல்லோரும் அதுதான் சரி என்றார்கள்.

பத்தாம் நாள் அவள் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. கீழ் அறையைக் கழுவித் துடைத்தாயிற்று. கட்டில் எங்கே என்று கேட்டாள். கொடுத்துவிட்டோம் என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை நன்றாகத் தாங்கிக்கொண்டது என்று நான் எல்லோருக்கும் சொன்னேன். இரண்டு கிழமையில் எகிப்துப் பைத்தியம் தொடங்கியது. மூன்று வருடமாக நான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. எழுத்தாளராம் நான்!

இவர் மெல்ல என் முழங்கையைத் தொட்டார். இவ்வளவு தூரம் பிள்ளை இதற்காகத்தான் வந்திருக்கிறது, விடு என்றார். வழக்கமாக நான்தான் முடிவு சொல்லுவேன், இவர் தலையாட்டுவார். அன்றைக்கு நான் தலையாட்டினேன். நீங்கள் போய் வாருங்கள், நான் வெளியே நிற்கிறேன் என்றேன்.

மாதுமை நகரவில்லை. "நீங்களும் வாங்கோ அம்மா" என்றாள்.

போனேன்.

ஹனான் உள்ளே வரவில்லை. கல்லறைக்குள் வழிகாட்டிகள் பேசக்கூடாதாம். மரப்படியில் இறங்கினால் சின்ன அறை, வெக்கை. கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளைத் துணி போர்த்தி ஒரு ஆள். முகமும் பாதமும் மட்டும் வெளியே தெரிந்தன. கருத்து, காய்ந்து, மிகவும் சின்ன உருவம். பயந்தது யார் தெரியுமா? நான்தான். மாதுமை கண்ணாடிக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"அம்மப்பாவும் இப்பிடியோ இருந்தவர்?"

இல்லை என்றேன். நித்திரை கொள்வது போல இருந்தார், பட்டு வேட்டி கட்டியிருந்தார், நெற்றியில் திருநீறு என்றேன்.

"எனக்கு அது தெரியாதே" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூன்று வருடமாக அடுக்கி வைத்திருந்திருக்கிறாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாரா? கழற்றி எடுத்துவிட்டோம், என் மேசை லாச்சியில் இருக்கிறது. கால் குளிராதா? காலுறை போட்டோம். பந்தம் யார் பிடித்தது? செத்தவரைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பது எங்கள் வழக்கம். அதை அவள் எங்கே கேட்டு அறிந்தாளோ. டொரொண்டோவிலிருந்து வந்த பெரியம்மாவின் பெடியன்கள் பிடித்தார்கள் என்றேன். மண்டபத்தில் நெருப்புக் கொளுத்த விடமாட்டார்கள் என்பதால் பற்றரி மெழுகுதிரிதான் என்றும் சொன்னேன். அந்தச் சோகத்திலும் அவளுக்கு உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"எனக்கும் ஒண்டு தந்திருக்கலாம்" என்றாள்.

அதற்குமேல் எனக்குப் பொய் சொல்ல ஏலவில்லை.

"நீ பயப்பிடுவாய் எண்டு சொன்னது பொய், பிள்ளை. நான்தான் பயந்தனான். நான் குழறி அழுறதை நீ பாக்கக்கூடாது எண்டு நினைச்சன். பிழைதான். உன்னை விட்டிருக்கோணும்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ராசாவைப் பார்த்துக்கொண்டே இன்னொன்று கேட்டாள்.

"எட்டாம் நாள் அம்மப்பாவுக்குப் பேகல் வச்சனீங்களோ?"

நாங்கள் வைக்கவில்லை. இடியப்பம் வைத்தோம். மோதகம் வைத்தோம். பனங்காய்ப் பணியாரம்கூட யாரோ எங்கோ தேடிக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த மனிதர் கடைசி ஏழு வருடம் ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டது அதுதான் என்று ஒருவருக்கும் நினைவில்லை. தெரிந்த ஒரே ஆள் நோத்ர-டாம்-த-கிரேஸில் யார் வீட்டிலோ கார்ட்டூன் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"நான் நிண்டிருந்தால் சொல்லியிருப்பன்" என்றாள்.

அப்போதுதான் எனக்குச் சப்பாத்துப் பெட்டி நினைவு வந்தது. கட்டிலுக்குக் கீழே, பொம்மைக்குப் பக்கத்தில், அரைத்துண்டு பேகல். நான் ஏசி ஏசிக் குப்பையில் போட்டது. நகைச்சுவை என்று உங்களுக்கு எழுதியது.

அழுதேன். சும்மா கண் கலங்கிய அழுகை இல்லை. மூன்று வருடம் முன்பு அவள் பார்க்கக்கூடாது என்று ஒளித்து வைத்த அதே அழுகை. அவள் முன்னாலேயே அழுதேன். அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவர் எங்கள் இருவருக்கும் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினார்.

மூலையில் கதிரையில் இருந்த கல்லறைக் காவலாளி எழும்பி ஓடிவந்தார். பாவம், அவர் தினமும் ஆயிரம் பேரைப் பார்க்கிறவர். எல்லோரும் எட்டிப் பார்த்து இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறவர்கள். மூவாயிரம் வருடத்துக்குப் பிறகு இந்த ராசாவுக்காக ஒரு குடும்பமே நின்று அழுகிறது! சட்டைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்துத் தந்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து எனக்குத் தலை வணங்கினார். விளக்கம் சொல்ல எனக்கு அரபு மொழி தெரியாது. நானும் திருப்பி வணங்கினேன்.

பஸ்ஸில் அந்த இரண்டு ஆசிரியைகளும் என் தோளைத் தட்டி ஏதோ ஆறுதல் சொன்னார்கள். நான் மெர்சி என்றேன். மாதுமை ஜன்னல் பக்கம் இருந்து கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். யார் யார் வந்தார்கள், ஐயர் என்ன பாடினார், சாம்பலை எந்த ஆற்றில் கரைத்தோம்... எல்லாம். இப்போது பார்த்தால் ஒன்றும் பயங்கரமான கதை இல்லை. சொல்லாமல் வைத்திருந்ததுதான் பயங்கரம்.

ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு மண்டை இடி. கைப்பையைக் கட்டிலில் போடப் போனேன். இவர் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கக் கை நீட்டினார். முழுக்கு என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை.

"ஒண்டும் தொடாதேங்கோ" என்றாள் மாதுமை. தோளில் துவாயோடு குளியலறை வாசலில் நின்றாள். "முதல் எல்லாரும் முழுகோணும். செத்தவீட்டுக்குப் போட்டு வந்திருக்கிறம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தலையில் தண்ணீர் விழுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் எதையும் தொடாமல் எங்கள் முறைக்காக வெளியே நின்றோம்.

மூன்று வருடம் பிந்தினால் என்ன... முழுக்கு எண்டால் முழுக்குத்தான்.